எல்லார் கண்ணிலும் ஒரே தொண்டை

“கண்ணைத் திறங்கன்னா வாயைத் திறக்குறாங்க. வாயைத் திறங்கன்னா கண்ணை மூடிக்கிறாங்க. இதுங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கறது?”

சித்தியின் இந்தப் புலம்பலை எத்தனை தடவை கேட்டிருக்கிறாய் என்று என்னைக் கேட்டால், பல்லவி எத்தனை முறை வரும் என்று பாட்டுக்காரனைக் கேட்ட கதைதான். காலையில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்வாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொல்வாள். சாயங்காலம் கைப்பையை எங்கேயோ வீசிவிட்டு, சித்தப்பாவின் முன்னால் நின்று, கண்ணைத் திறக்கச் சொன்னால் வாயைப் பிளக்கிறவரைப் போல நடித்தே காட்டுவாள். சித்தப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாகத் தொங்கிவிட்டு வருகிற மனிதர். “ம்” என்பார். அந்த “ம்”மைப் பெரிய பதிலாக எடுத்துக்கொண்டு சித்தி அடுத்த அரைமணி நேரம் ஓட்டிவிடுவாள்.

நான் அவள் அக்கா மகள். தங்கியிருப்பது அவர்கள் வீட்டில். வேலை பார்ப்பது சித்தி வேலை பார்க்கும் அதே ஆய்வுக்கூடத்தில், வாசல் மேசையில், வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது. ஆக, வீட்டிலும் சித்தி, வேலையிலும் சித்தி. வேறு யாராவது என் இடத்தில் இருந்தால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் இடத்தில் பஞ்சுக்குக் கணக்கு உண்டு.

அந்தப் பஞ்சுதான் சித்தியின் தொழில். நோய் நொடி இல்லாத பெரியவர்களின் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் எந்தெந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று பார்க்கிற ஆய்வு அது. மெல்லிய குச்சியின் நுனியில் பஞ்சு. கீழ் இமையைச் சற்று இழுத்து, உள்பக்கம் லேசாக ஒரு தடவு. அடுத்த குச்சி மூக்குக்குள் ஒரு சுழற்று. அதற்கடுத்தது தொண்டையின் பின்சுவரில் ஒரு தொடல். ஒவ்வொன்றையும் ஒடித்து அதனதன் குழாயில் போட வேண்டும். கண்ணுக்கு நீல மூடி, மூக்குக்கு மஞ்சள், தொண்டைக்குச் சிவப்பு.

நோயாளிகளைப் பிடிப்பது சுலபம், அவர்களே வந்துவிடுவார்கள். நன்றாக இருக்கிறவர்களைப் பிடித்து நாற்காலியில் சாய்ப்பதுதான் கஷ்டம். அப்படிச் சாய்ந்தவர்களும் பாதிப்பேர் குளித்து முழுகிப் பளபளவென்று வருவார்கள். ஒரு துணிக்கடைக் காவலாளி வந்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் சித்தி ஒரு அடி பின்வாங்கினாள்.

“என்ன சார், வாயில புதினாத் தோட்டமே போட்டிருக்கீங்க போல.”

“டெஸ்டுக்கு வர்றோமே, சுத்தமா இருக்கலாம்னு ரெண்டு தடவை கொப்பளிச்சேன் சிஸ்டர். மூக்குல உப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டேன்.”

“கண்ணையும் விடல?”

“சொட்டு மருந்து போட்டேன். பளிச்சுனு இருக்கணும்ல.”

“சார், நாங்க உங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளி இல்ல, சன்னலைத் துடைச்சு வெக்கறதுக்கு. உள்ள யார் யார் குடியிருக்காங்கன்னு பார்க்க வந்தவங்க. நீங்க என்னடான்னா இருந்தவங்களை எல்லாம் துரத்தி விட்டுட்டு காலி வீட்டைத் திறந்து காட்டுறீங்க. போயிட்டு வாங்க. அடுத்த தடவை அழுக்கா வாங்க.”

அவர் வெளியே வந்து என் மேசைமேல் குனிந்து, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்: “எவ்வளவு அழுக்கா வரணும்மா?”

சித்தி எங்கும் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அந்த அறை சின்னது. திறக்காத ஒரு சன்னல், சாய்கிற நாற்காலி, வளைகிற கழுத்துள்ள விளக்கு, குழாய்த் தாங்கிகள். அதற்குள்ளேயே ஊர்சுற்றிவிட்டு வந்தவள்போல மூச்சு வாங்குவாள். விளக்கை நகர்த்துவாள், நகர்த்திய விளக்கை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். கை சும்மா இருந்தால் கால் தாளம் போடும். இரண்டும் சும்மா இருந்தால் வாய். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெயர் ரேடியோ சிஸ்டர். நிறுத்தத் தெரியாத ரேடியோ என்று முழுப்பெயர்.

ஆனால் அந்தப் பேச்சு சும்மா பேச்சல்ல, அதுதான் அவள் கைத்திறனில் பாதி. குச்சி கண்ணருகே வந்தால் எந்தக் கண்ணும் தானாகச் சிமிட்டும். சிமிட்டினால் குச்சி இமை முடியில் படும், தோலில் படும், அங்கிருக்கிற கூட்டம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் அது கண்ணின் குடித்தனமா, தோலின் குடித்தனமா என்று யாருக்குத் தெரியும்? அதற்குச் சித்தி ஒரு வழி வைத்திருந்தாள். குச்சியை உயர்த்துகிற நொடியில் எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேராகக் குனிந்து ஏதாவது கேட்பாள்.

“உங்க வீட்டுக் குழாயை எந்தப் பக்கம் திருகினா மூடும்?”

தினமும் திருகுகிற குழாய்தான். சொல்லத்தான் வராது. கண் மேலே போய், கை மட்டும் மடியில் லேசாகத் திருகிப் பார்க்கும். அந்த யோசனையில் இமை அசையாது. குச்சி போய்விட்டு வந்துவிடும். “முடிஞ்சுடுச்சு” என்று சித்தி சொல்லும்போது, “வலது பக்கம்... இல்ல, இருங்க” என்று அவர் இன்னும் குழாயடியிலேயே நிற்பார்.

இதற்கு முன் சித்தி ஒரு கண் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. அங்கே ஒரு டாக்டருக்கு அவள் பேச்சு ஆகவில்லை. “சிஸ்டர், இங்க கண்ணுக்குத்தான் வைத்தியம், காதுக்கு இல்ல” என்று சொல்லி மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். பெட்டிகளோடு எத்தனை நாள் பேசுவது? வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். இங்கே ஆய்வை நடத்துகிற மேடம்தான் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, “அதாவது சிஸ்டர், உங்க பேச்சுக்காகவே உங்களை எடுக்கறேன்” என்றவர். மேடம் எந்த வாக்கியத்தையும் ‘அதாவது’ இல்லாமல் தொடங்கமாட்டார். அந்த ஒரு ‘அதாவது’வைச் சித்தி வீட்டில் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பேசுகிறாள் என்று தள்ளிவிட்ட உலகத்தில், பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்ட ஒரே அறை அது. அவளுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

குழாய்களிலிருந்து வருகிறதையெல்லாம் கணினியில் பிரித்துப் பார்க்கிற பையனுக்குப் பெயர் புள்ளி. ஒவ்வொரு மனிதரையும் திரையில் ஒரு புள்ளியாக வைத்துவிடுவான். ஒரே மாதிரிக் கிருமிக் கூட்டம் உள்ளவர்கள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள், வேறு மாதிரி உள்ளவர்கள் தூரப் புள்ளிகள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசைக்கு மடிக்கணினியோடு வந்தான்.

“ஆக்சுவலா அக்கா, மேடம் செம குஷியில இருக்காங்க. கண்ணுல பெரிசா ஒண்ணும் இருக்காது. கண்ணீர் கழுவிக்கிட்டே இருக்கும். ஆனா நம்ம ஆளுங்க கண்ணுல தொண்டைக் கூட்டம் வந்திருக்கு. நிறையப் பேர் கண்ணுல.”

“தொண்டையில இருக்கறது கண்ணுக்கு எப்படிடா போகும்?” என்று கேட்டேன் நான்.

சித்தி டப்பா மூடியால் படம் போட்டுக் காட்டினாள். “ஏண்டி, இது தெரியாதா? கண்ணு மேல் மாடி, மூக்கு நடு மாடி, தொண்டை கீழ் மாடி. படிக்கட்டு உள்ளயே இருக்கு. கண்ணுல மருந்து விட்டா கொஞ்ச நேரத்துல தொண்டையில கசக்கும் பாரு, அந்த வழி.”

“அது எறங்குற வழி அக்கா. இது ஏறி வந்திருக்கு. மேடம் அதைத்தான் பெரிய விஷயம்னு சொல்றாங்க. வெளியூர்க் கருத்தரங்குல இதைத்தான் பேசப் போறாங்க.” பிறகு தலையைச் சொறிந்தான். “ஒண்ணுதான் எனக்கு உறுத்துது. ஒவ்வொருத்தர் தொண்டையும் ஒவ்வொரு மாதிரி. ஆனா கண்ணுக்கு வந்திருக்கற தொண்டைக் கூட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஒரே ஆள் தொண்டை மாதிரி.”

“காத்துல இருந்து ஒட்டியிருக்குமோ?” என்றேன்.

“சான்ஸே இல்ல. காத்துக் குச்சி எல்லாம் சுத்தம்.”

காற்றுக் குச்சி என்பது ஒரு காவல். அன்றைய ஆட்கள் எல்லாம் போனபிறகு சித்தி ஒரு புதுக் குச்சியைப் பிரித்து, யாரையும் தொடாமல் காற்றில் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, அதையும் குழாயில் போட்டு அனுப்புவாள். அறையிலிருந்தோ கையுறையிலிருந்தோ ஏதாவது ஒட்டுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். சித்தியின் காற்றுக் குச்சிகள் எப்போதும் காலி. அதில் அவளுக்குப் பெருமை.

அன்று சாயங்காலம் இந்தக் கதை முழுவதும் சித்தப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மேல் மாடி, கீழ் மாடி, ஏறி வந்த கூட்டம், மேடத்தின் குஷி எல்லாம். சித்தப்பா முழுவதையும் கேட்டார். மாடி என்கிற வார்த்தை காதில் விழுந்தால் அவருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிடும்.

“நாங்க பழுது பார்க்கப் போனா,” என்றார், “முதல்ல கேக்கறது, கடைசியா தொட்டது யாருன்னுதான்.”

சித்தி சிரித்தாள். “தொட்டது நான்தான். வேற யாரு தொடுவா?”

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது, தட்டு கழுவுகிற சத்தம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு கையால் தன் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. சித்தியின் முகத்தில் மாஸ்க் எப்போதும் உண்டு, எந்த இடத்தில் என்பதுதான் விஷயம். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் எதிரில் இருப்பவருக்குச் சரியாகக் காதில் விழாது என்று, கேள்வி கேட்கிற நொடியில் அதை இழுத்துத் தாடைக்குக் கீழே விட்டுவிடுவாள். கண்ணுக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து, குழாயை எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று.

“காத்துக் குச்சி சுத்தமாத்தானே இருக்கு சித்தி?” என்றேன்.

“எல்லாரும் போனப்புறம் எடுக்கறதுடி அது,” என்றாள். “அப்ப நான் யாரோட பேசுவேன்?”

அன்று தூங்கப் போகும்வரை சித்தி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. துணி மடித்தாள், மடித்ததைப் பிரித்தாள். அலமாரியில் தட்டுகளை அளவுப்படி அடுக்கினாள், பிறகு வேறு அளவுப்படி. வெளியே போய்விட்டு வருகிறேன் என்று போய், எதற்குப் போனோம் என்று மறந்து வந்தாள். சொன்னால் மேடத்தின் கண்டுபிடிப்பு போகும், தன் அறையும் போகும். சொல்லாவிட்டால் வெளியூரில் மேடம் மேடையேறி, ஊரார் கண்ணில் என் சித்தியின் தொண்டையைப் பார்த்துவிட்டு இயற்கையின் அதிசயம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சித்தப்பா ஒருமுறை, “சும்மா உட்காரேன்” என்றார். “உட்கார்ந்தா யோசனை வருதுங்க” என்றாள்.

மறுநாள் மத்தியானம் புள்ளியின் இருக்கைக்குப் போய் நின்றாள்.

“எனக்கு ஒரு காத்துக் குச்சி வேணும். நான் பேசிக்கிட்டே எடுக்கற காத்துக் குச்சி. அப்படியே என் தொண்டையிலயும் ஒண்ணு எடுத்துக்கோ.”

“ஆக்சுவலா அக்கா, எதுக்கு?”

“எடுத்தப்புறம் சொல்றேன். வாடா.”

புள்ளி முழித்தான். ஆனால் அவனும் முட்டாளில்லை, உறுத்தல் அவனுக்கும் இருந்தது. அவள் தொண்டையில் குச்சி வைத்தான். சித்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அடி விழுந்திருக்கும். பிறகு காலி நாற்காலியைச் சாய்த்து வைத்தார்கள். கண் இருக்கவேண்டிய உயரத்தில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கை வழக்கம்போலத் தாடைக்கு இறக்கி, சித்தி பேசவேண்டும். அவ்வளவுதான்.

பேச்சு வரவில்லை.

“பேசுங்க அக்கா.”

“இருடா. யாருமே இல்லாத இடத்துல என்னன்னு பேசறது?”

“நான் வேணா உட்காரட்டுமா?” என்றேன்.

“ஆள் இருக்கக் கூடாது. உன்னோடதும் கலந்துடும்,” என்றான் புள்ளி.

நிறுத்தத் தெரியாத ரேடியோ என்று பெயரெடுத்தவள் ஒரு ரெக்ஸின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பேச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நெற்றி வேர்த்தது. கடைசியில் நாற்காலியைப் பார்த்து மெதுவாக, “என்ன சார், கொப்பளிச்சிட்டு வந்தீங்களா?” என்றாள். நாற்காலி பதில் சொல்லாததில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களைத்தான் கேக்கறேன். எத்தனை தடவை சொல்றது, கழுவாம வாங்கன்னு? உங்களால எனக்கு என்ன ஆகப் போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?” பிறகு அடைமழைதான். குழாயைப் பற்றிக் கேட்டாள், கண் மருத்துவமனை டாக்டரைத் திட்டினாள், மேடத்தின் நல்ல மனதைச் சொன்னாள். புள்ளி போதும் போதும் என்று கைகாட்டிய பிறகும் ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது, அதையும் சொல்லி முடித்தாள்.

முடிவு வர நாளாகும். அந்த நாட்களில் சித்தி மாஸ்க்கைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தாள். ஆட்கள் பயந்தார்கள். ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டுப் போன உடற்பயிற்சிக்கூட மாஸ்டர் ஒருவர், சுவர் மாதிரி இருப்பார், வெளியே வந்து என்னிடம், “சிஸ்டருக்கு என் மேல ஏதாவது கோவமாம்மா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கண்ணில் தண்ணீர், குச்சியாலா மனதாலா என்று அவரும் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று மேடத்தின் அறையில் புள்ளி திரையைத் திருப்பிக் காட்டினான். ஒரு மூலையில் ஊராரின் கண்கள் எல்லாம் ஒரு கூட்டமாக. அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே சித்தியின் தொண்டை. அதன் தோளில் சாய்ந்ததுபோல, நாற்காலியோடு பேசிய காற்றுக் குச்சி. சித்தி பேசாமல் எடுத்த காற்றுக் குச்சிகள் திரையின் மறுகோடியில், இவர்களோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல.

மேடம் வெகுநேரம் பார்த்தார். “அதாவது,” என்றார். வாக்கியம் அதற்குமேல் போகவில்லை.

“மாஸ்க் கீழ இருந்துச்சு மேடம்,” என்றாள் சித்தி. “கேள்வி கேக்கறப்ப மட்டும்.”

“எல்லார்கிட்டயுமா?”

“எல்லார்கிட்டயும்.”

“அதாவது சிஸ்டர், கண்ணு எடுத்ததெல்லாம் மறுபடி எடுக்கணும். ஒண்ணு விடாம. இது உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

மேடம் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியூர்க் கருத்தரங்குக்கு வரவில்லை என்று எங்கள் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னார். பிறகு சித்தியைப் பார்க்காமல், நாளையிலிருந்து உறைபெட்டி அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குழாய்களைப் பனிபோல உறையவைத்து அடுக்குகிற அறை அது. பெட்டிகள்தான் இருக்கும், ஆட்கள் கிடையாது. திரும்பவும் கிடங்கு. சித்தி தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். அமைதியான பெண், மாஸ்க் ஆணி அடித்ததுபோல இருக்கும், தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பாள். ஆனால் அவள் குச்சியை உயர்த்தினால் எல்லாக் கண்ணும் சிமிட்டியது. போக்குவரத்துக் காவலர் ஒருவர், ஊரையே கை காட்டி நிறுத்துகிறவர், தன் இமையை நிறுத்த முடியாமல் எழுந்து போய்விட்டார். புள்ளி திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “தொண்டை போயிடுச்சு. இப்ப முழுக்கத் தோலுதான். இமை முடியில பட்டுப் பட்டு வந்திருக்கு.”

இந்தச் செய்தியை நான் உறைபெட்டி அறைக்குக் கொண்டுபோனேன். சித்தி தடித்த கையுறையோடு பெட்டிகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டாள். “அந்தப் பொண்ணு சாப்பிடப் போயிட்டாளா?” என்று கேட்டாள். போயிருந்தாள். சித்தி நேராகப் பழைய அறைக்குள் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் தானே சாய்ந்து படுத்தாள்.

“குச்சி எடு. என் கண்ணுக்கு நேரா கொண்டு வா.”

கொண்டுபோனேன். படபடவென்று சிமிட்டினாள். மறுபடி கொண்டுபோனேன். மறுபடி சிமிட்டினாள். “சே,” என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கால் நின்றது.

“அங்க ஒரு கறை இருக்கே, அது என்னடி? ஆமை மாதிரி இருக்கு. இல்ல, பூட்ஸ் மாதிரி...”

நான் சத்தம் போடாமல் குச்சியைக் கொண்டுபோனேன். நுனி அவள் இமையருகே போய் நின்றது. சிமிட்டவில்லை. இன்னும் ஆமைக்கும் பூட்ஸுக்கும் நடுவில்தான் இருந்தாள்.

நான் குச்சியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். “ஏணி எங்கடி இருக்கு?” என்றாள்.

கூரையில் நாற்காலிக்கு நேர்மேலே ஒரு பெரிய தாள் ஒட்டினாள். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: உங்கள் வீட்டுக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் மூடும்? கீழே சின்ன எழுத்தில்: பதில் சொல்ல வேண்டாம், யோசித்தால் போதும். பிறகு மேடத்தின் அறை வாசலில் போய் நின்றாள். முகத்தில் இரண்டு மாஸ்க், ஓரமெல்லாம் பிளாஸ்திரி. உள்ளேயிருந்து, “என்ன சிஸ்டர்?” என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை, வாங்க என்று கையை மட்டும் காட்டினாள். அதைப் பார்த்துதான் மேடம் எழுந்து வந்தார் என்று நினைக்கிறேன். சித்தி கைகாட்டிப் பேசி அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

மேடமே நாற்காலியில் சாய்ந்தார். மேலே படித்தார். கண் மேலேயே நின்றது. வலது கை லேசாகத் திரும்பியது. சித்தி குச்சியை வைத்து எடுத்து, ஒடித்து, நீல மூடியை மூடினாள். எங்கேயும் படவில்லை. மேடம் எழுந்து கதவு வரைக்கும் போய் நின்று, “அதாவது, இடது பக்கம்தானே?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, “நாளைக்கு நீங்களே எடுங்க. ஒரு வாரம் பார்க்கறேன். முடிவைப் பார்த்துத்தான் சொல்லுவேன்” என்றார்.

அந்த வாரம் முழுக்க என் மேசையைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் காற்றில் கையைத் திருகிக்கொண்டே போனார்கள். அந்தத் துணிக்கடைக் காவலாளி அழுக்காக வந்து, கண்ணைக் கொடுத்துவிட்டு, “வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு போன் பண்ணட்டுமாம்மா?” என்று கேட்டார். எழுந்து போன போக்குவரத்துக் காவலர்கூட ஆள் விட்டுக் கூப்பிட்டதும் வந்தார். சித்தி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் வீட்டில்தான் இறங்கியது. சித்தப்பாவுக்கு ஒரு “ம்” போதவில்லை, இரண்டு மூன்று செலவானது. முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அவள் பேசிக்கொண்டே நடந்தாள், நடந்துகொண்டே சாப்பிட்டாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, “இந்தத் தடவையும் வந்திருந்தா என்னடி பண்றது?” என்றாள்.

வரவில்லை. புள்ளி அச்செடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கே ஓடிவந்தான். “அக்கா, ஆக்சுவலா காலி. கண்ணுல கண்ணோடது மட்டும்தான். அங்கொண்ணும் இங்கொண்ணும். உங்க தொண்டை யார் கண்ணுலயும் இல்ல.” பின்னாலேயே மேடம் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“அதாவது சிஸ்டர், இந்த ரூம் உங்களோடதுதான். பழசையெல்லாம் திரும்ப எடுக்கற வரைக்கும் நீங்கதான் எடுக்கணும்.” சித்தி தலையாட்டினாள். கண் மட்டும் தெரிந்தது, அது நிறைந்திருந்தது. மேடம் போகிற போக்கில் கதவருகே நின்று, பாதி வருத்தமாகவும் பாதி கேலியாகவும், “ஆனாலும் நீங்க வாயைத் திறந்து என் கண்டுபிடிப்பை அழிச்சிட்டீங்க சிஸ்டர்” என்றார்.

சித்தி மேடத்தைத் தாண்டி நடைபாதைக்குப் போனாள். குழாய்கள் எதுவும் பக்கத்தில் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். பிளாஸ்திரியை ஒவ்வொரு ஓரமாகப் பிய்த்து, மாஸ்க்கைக் கழற்றி, மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

“எங்க மேடம் அழிஞ்சுது? ஒரு பொம்பளை வாயைத் திறந்து பேசினா அது எதிர்ல இருக்கறவங்க கண்ணுக்குள்ளயே போய்க் குடியேறும்னு திரையில போட்டு நிரூபிச்சிருக்கீங்களே, அது கண்டுபிடிப்பு இல்லையா? தாராளமா எழுதுங்க. எந்த ஊர் மேடையில வேணா ஏறிச் சொல்லுங்க. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க. எங்க வீட்டுல ஒரு மனுஷன் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ‘ம்’முக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாம, இப்படி ஒரு ஆதாரம் கையில கிடைக்கணும்னுதான் காத்துக்கிட்டு இருக்காரு.”